விண்டோ புரோகிராமிலிருந்து பழைய கறுப்புத் திரை புரோகிராமுக்குப் பதில் கொடுப்பது

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். கேட்டவர் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஒரு டேனரி அலுவலகத்தில் கணக்கு, கம்ப்யூட்டர் இரண்டையும் பார்க்கிறார். அங்கே தோலின் அடிக் கணக்கை (பரப்பளவை, சதுர அடியில்) போடும் பழைய சி புரோகிராம் ஒன்று இருக்கிறது. கறுப்புத் திரையில் பார்ட்டி பெயர், லாட் நம்பர், எத்தனை பீஸ், ஒவ்வொரு பீஸும் எத்தனை அடி என்று வரிசையாகக் கேட்கும். கடைசியில் மொத்தம் போட்டுக் காட்டும். எழுதிக்கொடுத்தவர் எப்போதோ போய்விட்டார். மூல நிரல் கையில் இல்லை, எக்ஸி ஃபைல் மட்டும்தான். இவர் பைத்தானில் க்யூட்டி (விண்டோ வரைய உதவும் நூலகம்) வைத்து ஒரு விண்டோ செய்திருக்கிறார். பட்டனை அழுத்தினால் பழைய புரோகிராம் உள்ளுக்குள் ஓட வேண்டும், பெட்டிகளில் நிரப்பியது அதற்குப் போக வேண்டும், மொத்தம் விண்டோவில் தெரிய வேண்டும். செய்து பார்த்தால் ஒரு பதிலும் வரவில்லை. விண்டோ அரை நிமிடம் போல உறைந்து நின்று, பிறகு தானாக உயிர் வருகிறது. இப்படி உள்ளுக்குள் ஓடும் சைல்டு பிராசஸுக்கு உள்ளீடு அனுப்புவது எப்படி என்பது அவர் கேள்வி.

நீங்கள் கேட்டது அனுப்புவதைப் பற்றி. ஆனால் சொன்ன அறிகுறிகளைப் பார்த்தால் அனுப்புவதில் பெரிய கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. எழுதியது அநேகமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். பதில்தான் வெளியே வராமல் அந்தப் புரோகிராமின் வயிற்றுக்குள் நிற்கிறது. அது வரும் வரை உங்கள் விண்டோ கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு வேறு. நான் சத்துவாச்சாரியில் சின்னதாக ஒரு கடை வைத்து 19 வருடமாக இப்படிப் பழைய புரோகிராம்களுக்குப் புதுச் சட்டை மாட்டிவிடும் வேலையைத்தான் செய்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த அரை நிமிடம், அதுதான் சுலபம். வேறு புரோகிராமை ஓடவிடும் க்யூட்டியின் க்யூபிராசஸில் 'வெயிட் ஃபார் ஃபினிஷ்டு' என்று ஓர் அழைப்பு உண்டு. எவ்வளவு நேரம் என்று சொல்லாமல் கூப்பிட்டால் அது 30,000 மில்லி விநாடி, அதாவது 30 விநாடி வரை காத்திருக்கும். அதற்குள் சைல்டு முடியவில்லை என்றால் கையை விரித்துத் திரும்பிவிடும். நீங்கள் நிரலைக் காட்டவில்லை, ஆனாலும் அதில் இந்த வரி இருக்கும் என்று பந்தயம் கட்டத் தயார். விண்டோவை வரைவது, மவுஸ் கிளிக்கைக் கவனிப்பது, சைல்டு அனுப்பியதைச் சொல்லிவிடுவது எல்லாமே ஒரே நிகழ்வுச் சுழலில் நடக்கின்றன. ஒற்றை ஆள் நடத்தும் டீக்கடை மாதிரி. அவரே பால்காரரைத் தேடித் தெருமுனையில் போய் நின்றுவிட்டால் கல்லாவிலும் ஆள் இல்லை, அடுப்பிலும் ஆள் இல்லை. ஆகவே 'வெயிட்' என்று தொடங்கும் அழைப்புகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். பிராசஸ் தொடங்கியது என்ற சிக்னல் வந்ததும் எழுதுங்கள். 'ரெடி ரீட் ஸ்டாண்டர்ட் அவுட்புட்' சிக்னல் வரும்போதெல்லாம் வந்ததை ஒரு பைட் தொகுப்பில் சேர்த்துக்கொண்டே போங்கள். 'ஃபினிஷ்டு' சிக்னல் வந்த பிறகு சேர்த்ததைப் பிரித்துப் படியுங்கள். இன்னொன்று: க்யூபிராசஸ் பொருளைப் பட்டன் ஃபங்ஷனுக்குள் சாதாரண மாறியாக வைத்தால், ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதைத் துடைத்துவிடும், துடைக்கும்போது ஓடிக்கொண்டிருக்கும் சைல்டும் சேர்ந்து சாகும். ஓடும்போதே அழிக்கப்பட்டது என்று க்யூட்டி ஓர் எச்சரிக்கை போடும், அதை யாரும் படிப்பதில்லை. மாறிக்கு முன்னால் செல்ஃப் போட்டு விண்டோவோடு கட்டிவையுங்கள்.

சரி, பதில் ஏன் வரவில்லை? நம் பக்கத்து ஏரிகள் உங்களுக்குத் தெரியும். பாலாறு அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாகக் காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் வரும். நம் ஊர்ச் சங்கிலி ஏரிகளில் மேல் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால்தான் கீழ் ஏரிக்கு நீர். கலங்கல் மட்டத்துக்கு ஏறாத தண்ணீர், கீழே இருப்பவனுக்கு இல்லாத தண்ணீர்தான். சி மொழியின் நூலகம் எழுத்தை அப்படித்தான் விடுகிறது. எழுதச் சொல்லும் பிரின்ட்எஃப் கட்டளை போட்டதும் எழுத்து வெளியே ஓடிவிடுவதில்லை. பஃபர் என்ற ஏரியில் தேங்குகிறது. எதிரே இருப்பது உண்மையான திரை என்றால் நூலகம் தாராளமாக விடும், எழுதியது உடனுக்குடன் தெரியும். எதிரே இருப்பது பைப், அதாவது ஒரு புரோகிராமின் எழுத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் குழாய் என்றால் முழு பஃபர் முறைக்குப் போய்விடும். அந்தப் பஃபர் பெரும்பாலும் 4096 பைட் அளவில் இருக்கும். அது நிரம்ப வேண்டும், அல்லது புரோகிராமே எஃப்ஃப்ளஷ் சொல்லி மதகைத் திறக்க வேண்டும், அல்லது புரோகிராம் ஒழுங்காக முடிய வேண்டும். அதுவரை பார்ட்டி பெயர் என்ன என்று கேட்கும் பத்துப் பன்னிரண்டு எழுத்து உங்களிடம் வந்து சேராது. கேள்வி கேட்டாயிற்று என்று நினைத்துக்கொண்டு அது பதிலுக்கு நிற்கிறது. கேள்வி வரட்டும் என்று நீங்கள் நிற்கிறீர்கள்.

விண்டோஸில் இது இன்னும் ஒரு படி மோசம். லினக்ஸில் எஸ்டிடிபஃப் என்று ஒரு கருவி உண்டு. பல புரோகிராம்களை வெளியிலிருந்தே வரிக்கு ஒருமுறை மதகு திறக்கவைக்கும். மைக்ரோசாஃப்டின் சி நூலகத்திலோ, வரி பஃபர் வேண்டும் என்று கேட்டால்கூட முழு பஃபர்தான் கிடைக்கும். அவர்களுடைய ஆவணத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. மூல நிரல் இருந்திருந்தால் மெயினின் முதல் வரியில் பஃபரே வேண்டாம் என்று எழுதி மறுபடி கம்பைல் செய்யுங்கள் என்று சொல்லி முடித்திருப்பேன். அது உங்களிடம் இல்லை. போதாக்குறைக்கு, கேள்விகளின் கடைசியில் வரி முடிவும் இருக்காது. கர்சர் அதே வரியில் நின்று பதிலை வாங்கும். எனவே முழு வரி வந்தால்தான் படிப்பேன் என்று உங்கள் பக்கம் எழுதியிருந்தால், மதகு திறந்தாலும் உங்களுக்கு ஒன்றும் கிடைக்காது. வரி வரியாகப் படிக்காமல் வந்த பைட்டை வந்தபடி வாங்குங்கள்.

இதற்கு என் யோசனை, அந்தப் புரோகிராமோடு உரையாடவே வேண்டாம். அது எதை எந்த வரிசையில் கேட்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதன் பதிலைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்யும் வேலையும் உங்களுக்கு இல்லை. பிறகு எதற்குக் கேள்விக்குக் காத்திருக்க வேண்டும்? எல்லாப் பதிலையும் முதலிலேயே எழுதி பைப்பில் போட்டுவிடுங்கள். பதில் கேள்விக்கு முன்னாலேயே வந்து காத்திருப்பது அதற்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. 1973-ல் யுனிக்ஸில் பைப் வந்தபோது, டக் மக்கில்ராய் நெடுநாளாகச் சொல்லிவந்த யோசனையைக் கென் தாம்சன் எழுதிக்கொடுத்தார். எதிரே இருப்பது கீபோர்டா, ஃபைலா, இன்னொரு புரோகிராமா என்று படிக்கிறவன் கவலைப்பட வேண்டாம் என்பதுதான் அதன் சுகம். ஒவ்வொரு பதிலின் பின்னாலும் வரி முடிவு எழுத்து கட்டாயம். அதை விடுவது என்டர் தட்டாமல் எழுந்துபோவதற்குச் சமம். எல்லாம் எழுதியதும் 'குளோஸ் ரைட் சேனல்' சொல்லி எழுதும் முனையை மூடுங்கள். இனி ஒன்றும் வராது என்பதை அந்தப் பக்கத்துக்குத் தெரிவிக்கும் வழி அதுதான். கீபோர்டில் கன்ட்ரோல் சி அடிப்பதைப் போல அந்த எண்ணை பைப்பில் அனுப்பிப் பார்க்கிறவர்கள் உண்டு. பைப்பில் அது வெறும் ஒரு பைட், யாரையும் நிறுத்தாது.

புரோகிராம் முடிந்ததும் ஏரி உடைந்த மாதிரி அத்தனையும் ஒரே மூச்சில் வரும். வந்ததைப் பார்த்தால் முதலில் பயந்துபோவீர்கள். 'பார்ட்டி: லாட்: பீஸ்: அடி: அடி: அடி: மொத்தம் 36.3' என்று கேள்விகள் எல்லாம் ஒரே வரியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். திரையில் பார்க்கும்போது ஒவ்வொரு கேள்வியும் தனி வரியில் இருந்ததே என்றால், அந்த வரி முடிவை அங்கே போட்டது நீங்கள் தட்டிய என்டர். திரைதான் அதைத் திருப்பிக் காட்டியது, புரோகிராம் எழுதவில்லை. மொத்தம் என்ற சொல் கடைசியாக எங்கே வருகிறது என்று தேடி, அதற்குப் பின்னால் இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு வரி பைத்தான் எழுதுவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. நோட்பேடில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் திறந்து, வரிக்கு ஒன்றாகப் பதில்களை எழுதுங்கள், கடைசி வரிக்குப் பிறகும் என்டர் தட்டிவிட்டுச் சேமியுங்கள். கமாண்ட் பிராம்ப்டில் அந்தப் புரோகிராம் பெயரை அடித்து, கணக்குப் பாடத்தில் 'விடச் சிறியது' என்று போடும் குறியைப் போட்டு, அந்த ஃபைல் பெயரைக் கொடுங்கள். பிறகு 'விடப் பெரியது' குறி, பக்கத்தில் இன்னொரு ஃபைல் பெயர். என்டர். கர்சர் சட்டென்று திரும்பி வந்து, இரண்டாவது ஃபைலில் மொத்தம் இருந்தால் நீங்கள் கரை சேர்ந்துவிட்டீர்கள். விண்டோவிலிருந்து செய்வதும் இதே காரியம்தான். கர்சர் திரும்பாமல் நின்று, ஏதாவது ஒரு கீயைத் தட்டியதும் திரும்பினால், உள்ளே கெட்ச், அதாவது ஒரு கீ தட்டும் வரை நிற்கும் சி கட்டளை, இருக்கிறது. நம் ஊர்க் கல்லூரிகளில் சி படித்த யாரும் கடைசி வரியில் கெட்ச் போடாமல் புரோகிராமை முடித்ததில்லை, நானும் சேர்த்துத்தான். அது ஸ்டாண்டர்ட் இன்புட்டை, அதாவது பைப்போ ஃபைலோ வந்து சேரும் வழக்கமான உள்ளீட்டு வாயை, படிப்பதே இல்லை, நேராகக் கன்சோலிடம், அதாவது கறுப்புத் திரையிடமே, போய்க் கீயைக் கேட்கும். பைப்பில் நீங்கள் ஆயிரம் எழுதினாலும் அதன் காதில் விழாது. விண்டோவிலிருந்து ஓடவிடும்போது கறுப்பு ஜன்னல் தெரியாதா, அது பாட்டுக்குத் தெரியாத ஜன்னலில் தட்டாத கீக்குக் காத்திருக்கும்.

அந்தப் புரோகிராம் டர்போ சி காலத்து 16 பிட் எக்ஸியாக இருக்குமோ என்று உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். அப்படி இருந்தால் 64 பிட் விண்டோஸில் தொடங்கவே தொடங்காது. உங்கள் விண்டோஸ் 64 பிட் என்றால், ஓடுகிறது என்பதாலேயே அது 32 பிட்டாவது இருக்கும்.

சோதனை ஃபைல் ஒழுங்காக ஓடினாலும் உள்ளே போகும் சரக்கில் மூன்று இடத்தில் கால் இடறும். ஒன்று, பெயரில் இடைவெளி. பதிலை வாங்கும் ஸ்கேன்எஃப் கட்டளை போட்டுப் பெயரை வாங்கியிருந்தால் இடைவெளியோடு அந்தப் பதில் முடிந்துவிடும். 'ஸ்ரீ முருகன் லெதர்ஸ்' என்று அனுப்பினால் ஸ்ரீ மட்டும் பார்ட்டி, முருகன் லாட் நம்பர், லெதர்ஸ் பீஸ் எண்ணிக்கை என்று ஆகப் பார்க்கும். எண் கேட்கும் இடத்தில் எழுத்து வந்தால் ஸ்கேன்எஃப் அங்கேயே மாட்டிக்கொள்ளும், அதற்குப் பின்னால் வரும் பதில் எதுவும் தன் இடத்துக்குப் போகாது. கையால் அடித்த காலத்தில் ஆட்கள் புள்ளியோ கோடோ போட்டுப் பழகியிருப்பார்கள். அந்தப் பழக்கத்தைப் பழைய குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், எந்த ஆவணத்திலும் இருக்காது.

இரண்டாவது, அடிக் கணக்கு. தோலில் கால் அடியை எப்படி எழுதுகிறோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 12 என்று போட்டு வலப்பக்கம் மேலே சின்னதாக 3 போட்டால் பன்னிரண்டே முக்கால். நான் கைவைத்த ஒரு புரோகிராமில் அதையே 12.3 என்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். 12.3, 11.2, 12.2 மூன்றும் சேர்ந்தால் பள்ளிக்கூடக் கணக்கில் 35.7, அந்தப் புரோகிராமில் 36.3, அதாவது முப்பத்தாறே முக்கால் அடி. என் விண்டோவோ முக்காலை 0.75 ஆக்கி 12.75 என்று அனுப்பியது. பிழை என்று அது ஒன்றும் சொல்லவில்லை, பேசாமல் தப்பான மொத்தத்தைப் போட்டது. உங்கள் புரோகிராம் எப்படி வாங்குகிறது என்பதைக் கையால் இரண்டு பீஸ் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, தமிழ்ப் பெயர். பெட்டியில் ஆம்பூர் என்று அடித்தால் கண்ணுக்கு நான்கு எழுத்து. யூனிகோடில் அது ஏழு குறியீடு, அதை பைட்டாக்கும் யுடிஎஃப் 8 முறையில் 21 பைட். பழைய சி புரோகிராமில் ஊர் பெயருக்கு 20 பைட் ஒதுக்கியிருந்தால் ஆம்பூரே கரையை உடைத்துவிடும். வாணியம்பாடிக்கு 33 பைட். உடைந்தது பக்கத்தில் இருக்கும் எண்ணில் போய் உட்காரும், அல்லது புரோகிராம் விழுந்துவிடும், இரண்டில் எது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பழைய புரோகிராமுக்கு ஆங்கில எழுத்திலேயே சின்னதாக ஒரு குறியீடு அனுப்புங்கள். தமிழ்ப் பெயரை உங்கள் விண்டோ தன்னிடம் வைத்துக்கொண்டு பில்லில் அச்சடிக்கட்டும்.

எழுதும் முனையை மூடுவதிலும் ஒரு கண்ணி உண்டு. 'இன்னொரு லாட் உண்டா' என்று கேட்கும் புரோகிராம் என்றால், இல்லை என்ற பதிலையும் சேர்த்து எழுதிவிட்டு மூடுங்கள். எழுதாமல் மூடினால், ஸ்கேன்எஃப் வெறுங்கையோடு திரும்பியதைக் கவனிக்காத பழைய நிரல் அதே கேள்வியைச் சுற்றிச் சுற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கும். சிபியு சூடாகும், உங்கள் பைட் தொகுப்பு ஊதிக்கொண்டே போகும். வந்தது ஓர் அளவைத் தாண்டினால் சைல்டை நிறுத்திவிடு என்று எழுதிவைப்பது நல்லது. ஒரு எம்பி போதும், அடிக் கணக்குக்கு அதற்கு மேல் என்ன வரப்போகிறது.

க்யூபிராசஸ் வேண்டாம், பைத்தானின் சப்பிராசஸ் மாட்யூல் போதும் என்று யாராவது சொல்வார்கள். போதும், ஆனால் நான் அதில் வாங்கிய அடியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தேன். ஒரு லூப்பில் எல்லாப் பீஸையும் எழுதி முடித்துவிட்டு, பிறகு பதிலைப் படிப்பதாக நிரல். நாற்பது ஐம்பது பீஸ் லாட்டில் எல்லாம் அருமையாக ஓடியது, பணமும் வாங்கியாயிற்று. சில மாதம் கழித்து, ஆயிரக்கணக்கில் பீஸ் உள்ள ஒரு லாட்டில் நின்றுவிட்டது. அந்தப் புரோகிராம் ஒவ்வொரு பீஸுக்கும் ஒரு வரி எழுதும். அதைப் படிக்க ஆள் இல்லாமல் வெளி பைப் நிரம்பியது, அதனால் அது எழுத முடியாமல் நின்றது, நின்றதால் என் உள்ளீட்டைப் படிக்கவில்லை, அதனால் என் பக்கத்து பைப்பும் நிரம்பி நானும் நின்றேன். லாங் பஜாரில் எதிரெதிரே வந்து மாட்டிக்கொண்ட இரண்டு குட்டி யானை வண்டிகள்போல, இருவருக்கும் பின்னால் போக வழியில்லை. லினக்ஸில் சாதாரணமாக ஒரு பைப் 65,536 பைட் கொள்ளும். விண்டோஸில் உருவாக்கும்போது கேட்கும் அளவை அது ஒரு யோசனையாக மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். எதுவானாலும் ஒரு நாள் நிரம்பும். சப்பிராசஸ் என்றால் 'கம்யூனிகேட்' அழைப்பைப் பயன்படுத்துங்கள், அது எழுதுவதையும் படிப்பதையும் கூடவே செய்து, முனையையும் மூடிவிடும். ஆனால் முடியும் வரை காத்திருக்கும், ஆகவே தனி திரெட்டில், அதாவது விண்டோவை மறிக்காமல் பக்கத்தில் தனியாக ஓடும் வேலையாக, வையுங்கள். க்யூபிராசஸில் நீங்கள் நிகழ்வுச் சுழலை மறிக்காத வரை இந்தத் தொல்லை இல்லை, வந்ததை அது தானே வாங்கிவைத்துக்கொள்ளும். பிழைச் செய்திக்கென்று தனியாக ஒரு வாய் உண்டு, அதையும் பொது வாயோடு சேர்த்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் வரவில்லை என்றால், தவறு உங்கள் விண்டோவிலா, பழைய புரோகிராமிலா என்று பிரித்துப் பார்க்க ஒரு நல்ல கூட்டாளி இருக்கிறது: ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சின். இலவசம். கறுப்புத் திரையில் ஓடும், ஸ்டாண்டர்ட் இன்புட்டில் வரி வரியாக வாங்கும், உடனுக்குடன் மதகைத் திறக்கும். 2000-ல் வந்த யுசிஐ என்ற நெறிமுறையே இப்படி ஒரு விண்டோவும் ஓர் எஞ்சினும் பைப்பில் பேசிக்கொள்வதற்காக எழுதப்பட்டது. உங்கள் நிரலில் எக்ஸி பெயரை மட்டும் மாற்றி, யு, சி, ஐ என்ற மூன்று சின்ன எழுத்தையும் ஒரு வரி முடிவையும் அனுப்புங்கள். சில வரிகள் வந்து, கடைசியில் ஓகே சேர்த்து அதே மூன்று எழுத்து வந்தால் உங்கள் பக்கம் சுத்தம். என் கடையில் புதிதாகச் சேரும் பையன்களுக்கு முதல் பாடம் இதுதான். அவர்கள் இரண்டு நாள் செஸ் ஆடிவிட்டு மூன்றாம் நாள் டேனரிக்கு வருவார்கள்.

கெட்ச் இருப்பது உறுதியானால், அல்லது நிஜமாகவே கேள்வியைப் பார்த்துத்தான் பதில் சொல்ல வேண்டும் என்றால், அப்போது போலி கன்சோல் வேண்டும். விண்டோஸ் 10-ன் 1809 பதிப்பிலிருந்து, அதாவது 2018 முதல், கான்பிடிஒய் என்ற வசதி இருக்கிறது; பைத்தானுக்குப் பைவின்பிடிஒய் என்ற தொகுப்பு வழியாகக் கிடைக்கிறது. எதிரே உண்மையான திரை இருப்பதாகப் புரோகிராம் நம்பிவிடும், பஃபர் தொல்லை போகும், கெட்சும் வேலை செய்யும். அதற்கு விலையும் உண்டு. வருவதில் நிறம், கர்சர் இடம் போன்ற கட்டளைக் குறியீடுகள் கலந்து வரும், அவற்றைச் சல்லடை போட வேண்டும். நீங்கள் அனுப்பியதே எதிரொலியாகத் திரும்பி வரும். நீங்கள் கொடுத்த அகலத்தைத் தாண்டிய வரி மடங்கி இரண்டாகும். என்டருக்கு வரி முடிவு எழுத்துக்குப் பதிலாகக் கேரேஜ் ரிட்டர்ன் எழுத்தை அனுப்ப வேண்டும். லினக்ஸில் இந்த வேலையைப் பல வருடம் செய்திருக்கிறேன். விண்டோஸில் இரண்டே இடத்தில்தான் போட்டிருக்கிறேன், ஆகவே இந்தப் பகுதியில் என் சொல்லை அனுபவம் குறைந்தவன் சொல்லாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பு ஜன்னலை முன்னால் கொண்டுவந்து கீபோர்டில் அடிப்பதுபோலப் பொய்யாக அடிக்கும் வழியை மட்டும் தொடாதீர்கள். விஷுவல் பேசிக் காலத்தில் சென்ட்கீஸ் வைத்து நானும் செய்தேன். ஓர் அலுவலகத்தில் நடுவில் ஒரு சாட் ஜன்னல் எகிறி முன்னால் வந்துவிட, மீதி லாட்டின் அடி எல்லாம் வரிசையாக யாரோ ஒரு வாடிக்கையாளருக்குச் செய்தியாகப் போய்விட்டது. அவர் 'விலை எப்போது சொல்வீர்கள்' என்று பதில் போட்டிருந்தார்.

எப்படிச் செய்தாலும் சைல்டை வழியனுப்புவதை ஒழுங்காகச் செய்யுங்கள். விண்டோஸில் க்யூபிராசஸின் 'டெர்மினேட்' ஒரு ஜன்னலை மூடச் சொல்லும் செய்திதான். ஜன்னல் இல்லாத கன்சோல் புரோகிராமுக்கு அது கேட்காது. 'கில்' கேட்கும், ஆனால் பஃபரில் இருப்பதை எழுதிவைக்க அவகாசம் தராது, டேட்டா ஃபைல் பாதியில் நிற்கும். ஆகவே முதலில் எழுதும் முனையை மூடிவிட்டு ஐந்து விநாடி டைமர் வையுங்கள், அதற்குள் முடியவில்லை என்றால் மட்டும் கில். இப்போதே டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள், நீங்கள் இதுவரை செய்த முயற்சிகளில் சில அங்கே இன்னும் உயிரோடு நிற்கலாம். அவை டேட்டா ஃபைலைப் பிடித்துக்கொண்டிருந்தால் புதிதாகத் தொடங்குவதும் மாட்டிக்கொள்ளும்.

அந்த டேட்டா ஃபைலைப் பற்றி இன்னொரு சொல். பழைய புரோகிராம்கள் ஃபைலை முழுப் பாதை இல்லாமல் வெறும் பெயரால்தான் திறக்கும். நீங்கள் ஓடவிடும்போது வேலை செய்யும் ஃபோல்டர் உங்கள் பைத்தானுடையதாக இருந்தால் அது காலி ஃபைல் ஒன்றைப் புதிதாக உண்டாக்கிக்கொண்டு, பார்ட்டியே இல்லை என்று சொல்லும். எக்ஸி இருக்கும் ஃபோல்டரையே வேலை ஃபோல்டராகக் கொடுத்துவிடுங்கள். பாதையில் இடைவெளி இருந்தால் எக்ஸி பெயரையும் மற்றதையும் ஒரே சரமாக ஒட்டாமல் தனித்தனியாகக் கொடுங்கள்.

இதில் பஃபர், 30 விநாடி, கெட்ச் எப்படிப் படிக்கிறது என்பவை எல்லாம் உறுதியானவை. உங்கள் புரோகிராமில் கெட்ச் இருக்கிறதா, பெயருக்கு எத்தனை பைட், முக்காலை எப்படி வாங்குகிறது என்பதெல்லாம் என் ஊகம், எக்ஸியைப் பார்க்காமல் சொல்வது. டெக்ஸ்ட் ஃபைல் சோதனையில் கர்சர் திரும்பியதா இல்லையா, இரண்டாவது ஃபைலில் என்ன விழுந்தது என்பதை அப்படியே இங்கே ஒட்டுங்கள். பார்ட்டி பெயரை மட்டும் மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.